நம்ம மீன்

கார்வேட்டிநகரத்து ஸ்கந்த புஷ்கரணியில் தூண்டில் போடக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. அது வேணுகோபால சுவாமியின் குளம். நான்கு பக்கமும் கருங்கல் படிகள் இறங்கிப் போகும். கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு பிடி பொரியை வீசினால் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வரும். அவை சாமி மீன்கள். அவற்றுக்குப் போடலாம், அவற்றை எடுக்கக்கூடாது. ஐந்து வயதில் எனக்குத் தெரிந்த மீன் சட்டம் அவ்வளவுதான்.

இரண்டாவது சட்டத்தைச் சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். அவர் தறி ஓட்டியவர். புத்தூர், நகரி, நாராயணவனம் என்று எங்கள் பக்கம் முழுக்கத் தறிச்சத்தம்தான். வேலை இல்லாத நாட்களில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கத்துக்கு என்னைச் சைக்கிளில் வைத்து அழைத்துப் போவார். மூங்கில் கழி, தங்கூஸ், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு. தறியில் அறுந்த இழையை முடிபவர் விரல்களுக்குத் தூண்டில் முள்ளைக் கட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். தண்ணீரோரம் புல்லுக்குள் சில நாட்கள் செக்கச்செவேலென்று ஒரு கொத்து அசையும். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் பந்துபோல் சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கும். அதற்குக் கீழே தாய் விராலோ தகப்பன் விராலோ காவல் நிற்கும். குஞ்சுக்கு அருகே எதை இறக்கினாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பதற்கு அதைவிட எளிதான மீன் கிடையாது. சித்தப்பா அந்த இடத்தில் தூண்டில் போட்டதே இல்லை. கழியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடந்துவிடுவார்.

மற்றபடி பிடித்ததெல்லாம் குழம்புக்குத்தான். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி எதுவானாலும். மீன் பிடிப்பது என்றால் வீட்டுக்கு எடுத்துப் போவது. இதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது முப்பது வயது வரை எனக்குத் தெரியாது.

2008 பிப்ரவரியில் பெங்களூரு நண்பர் ஒருவர் கூப்பிட்டார். காவிரிக்கரையில் காட்டுக்குள் ஒரு முகாம், மூன்று நாள், மகாசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடிக்கலாம், ஆனால் பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்றார். அந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் புரியவில்லை. புரியாததாலேயே கிளம்பினேன்.

கிளம்பிய ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் பெயரே 'காடுவெட்டி நகரம்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். காடுவெட்டி என்பது பல்லவர்களுக்கு இருந்த பட்டம். ஜமீன்தார்கள் காலத்தில் சாரங்கபாணி என்ற கவி வேணுகோபாலன் மேல் பதங்கள் பாடிய ஊர். வடஆற்காட்டில் இருந்தோம்; 1911ல் சித்தூர் தனி மாவட்டமானது; 1953ல் ஆந்திரம் தனி மாநிலமானது. வீட்டுக்குள் தமிழும் தெருவில் தெலுங்குமாக நாங்கள் வளர்ந்தது இந்த வரலாற்றால்தான். தூண்டில் முள்ளைத் தெலுங்கில் காலம் என்பார்கள். 'காலம் வேயி நைனா' என்று சித்தப்பா சொன்னால் முள்ளை எறி என்று பொருள். தமிழ்க் காதில் அது வேறு மாதிரி விழும்.

சித்தூர் தாண்டி, மொகிலி மலைப்பாதை ஏறி, பலமனேர் வந்ததும் காற்று மாறும். முள்பாகல், கோலார், பெங்களூரு. அங்கிருந்து கனகபுரா வழியாகச் சங்கமம். அர்க்காவதி காவிரியில் கலக்கிற இடம் அது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் மேகேதாட்டு, ஆடு தாண்டும் இடுக்கு. நாங்கள் கீழே போகவில்லை. சங்கமத்திலிருந்து ஆற்றை எதிர்த்து, மண்பாதையில் காட்டுக்குள் ஜீப்பில் போனோம். மருத மரங்கள் ஆற்றுக்குள் வேர் நீட்டி நிற்க, கரையில் வரிசையாகக் கூடாரங்கள். காலிபோரே முகாம். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்துவது. மேலே இன்னும் இரண்டு முகாம்கள், தொட்டமாக்கலி, பீமேஸ்வரி. கன்னடத்தில் காலி என்றால் காற்று, போரே என்றால் குன்று. காற்றுக்குன்று. செல்பேசியில் சிக்னல் இல்லை. ராத்திரி முழுக்க ஆற்றின் சத்தம் மட்டும். விடியற்காலை நீர்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடுகிற கீச்சொலி கேட்டு எழுந்தேன்.

சமையல் கூடத்துக்குப் பின்னால் எங்கள் வழிகாட்டி அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய வயது. பரிசல்காரர். காவிரிக் கரைக்காரர்களுக்குத் தமிழும் கன்னடமும் வரும். என்னோடு தமிழில்தான் பேசினார், கன்னட ராகத்தில். பாத்திரத்தில் ராகி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பெரிய உருண்டைகளாக உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். வெந்ததும் எடுத்து, சூட்டோடு சூடாக மறுபடி பிசைந்தார். மறுபடி வேகவைத்தார். மறுபடி பிசைந்தார். உள்ளங்கை அடிப்பக்கத்தால் அழுத்தி, மடித்து, திருப்பி அழுத்தி, ரப்பர் மாதிரி இழுபடும் வரை. ஆற்றின் வேகத்தில் கரையாமல் நிற்க வேண்டும், ஆனால் மீனின் வாய்க்குள் போனதும் முள்ளை விட்டுக் கழல வேண்டும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும் என்றார்.

எனக்கு வாசனை தெரிந்தது. எங்கள் வீட்டு அடுப்பின் வாசனை. சித்தூர்க்காரனுக்கு ராகி சங்கடி என்பது தினச் சோறு. கொஞ்சம் அரிசி சேர்த்துக் கிண்டி, உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம். அதே ராகி. இங்கே ராகி முத்தே. மனிதன் என்ன சாப்பிடுகிறானோ அதையே அவன் ஆற்று மீனும் சாப்பிட்டுப் பழகியிருக்கிறது. கரையோரத்து ஊர்களில் பாத்திரம் கழுவும்போது போன பருக்கைகளைத் தின்று வளர்ந்த ருசி அது என்று பரிசல்காரர் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

விளையாட்டுக்காகத் தூண்டில் போடுகிற இந்த ஆட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் 12ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் தொகுத்த 'மானசோல்லாசம்' நூலில் அரசர்களின் பொழுதுபோக்குகளைப் பற்றிய பகுதியில் மத்ஸ்ய வினோதம் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தூண்டிலில் மீன் பிடிப்பதைப் பற்றி மட்டும். எந்த மீன் எங்கே வாழும், எதற்கு என்ன இரை, கயிறும் கோலும் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அரசன் சொல்லிக்கொண்டு போகிறான். மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951ல் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகத்துத் தூண்டில்காரர்களுக்கு இது தெரிந்தது. குழம்புக்காக அல்லாமல் மீனோடு மல்லுக்கு நிற்பதற்காகவே தூண்டில் போட்ட மனிதர்கள் இந்தத் தென்னகத்திலேயே ஏறக்குறைய 900 வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் செய்தது அதற்கு ஒரு பெயரும் புகழும் வாங்கித் தந்ததுதான். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். மகாசீரின் முன்னால் தன் நாட்டு சால்மன் நிற்காது என்ற எண்ணத்தை வளர்த்த புத்தகம். அதே தாமஸ் 1887ல் 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்று இன்னொரு புத்தகம் எழுதினார். நம் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே முழுப் புத்தகம். கிருஷ்ணாபுரத்தில் மயிலிறகுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் சித்தப்பாவின் வித்தைக்கும் ஒரு நூல் உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது.

1946ல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் 120 பவுண்டு மகாசீர் ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. ஒரு ஆளின் எடை. தூண்டிலில் வந்த மகாசீர்களில் அதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீன் முடிந்துபோனது என்றே வெளியுலகம் நினைத்திருந்தது. 1977-78ல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் வந்து தேடி, காவிரியில் பெரிய மகாசீர்கள் இன்னும் இருக்கின்றன என்று காட்டிய பிறகுதான் முகாம்கள் வந்தன. 1972ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தது. ஆற்றில் தோட்டா போட்டு மீன் கொன்றவர்களையே கூப்பிட்டுக் காவலுக்கும் வழிகாட்டவும் வைத்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் பாறையும் அவர்களுக்குத்தானே தெரியும்.

எங்கள் பரிசல்காரரும் அப்படி ஒருவர். தோட்டா போட்ட காலத்தைப் பற்றி அவர் மறைக்கவில்லை. "ஒரு தடவை போட்டா இருநூறு மீன் செத்து மெதக்கும் சார். எடுக்கறது நாப்பது. மிச்சம் ஆத்தோட போயிடும்" என்றார். அந்தக் கணக்கைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. பாறையில் உட்கார்ந்து, எட்டு மணி நேரம் கயிற்றை விரலில் தாங்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். எதிர்க்கரையில் மாலையில் யானைகள் இறங்கின. முதலை ஒன்று மணல்திட்டில் வாய் திறந்து கிடந்தது. மருத மரத்தில் சாம்பல் நிறப் பெரிய அணில் கிளைக்குக் கிளை தாவியது. தூண்டில்காரனுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு பார்வை இருக்கிறது. எதற்காகவோ காத்திருப்பவன் என்பதால் அவன் அசையாமல் இருக்கிறான். அசையாமல் இருப்பதால் காடு அவனை மறந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் பத்து மணி இருக்கும். பரிசலை ஒரு பாறை மறைவில் நிறுத்தியிருந்தார். எலுமிச்சை அளவு ராகி உருண்டை, உள்ளே முள், முழத்துக்கு மேலே கயிற்றில் சுற்றிய ஈயக்கம்பி. பாறையில் ஈயம் மாட்டினாலும் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். குண்டு கட்டினால் மொத்தமும் போய்விடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. விரலில் லேசாக ஒரு தட்டு. இன்னொன்று. "சின்ன மீன். விடு" என்றார். பிறகு ஒன்றுமில்லை.

அப்புறம் கழி வளைந்தது. தட்டல் இல்லை, சீண்டல் இல்லை, ஆறே என் கையைப் பிடித்து இழுத்தது போல. ரீல் கத்தியது. கயிறு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. "புடிக்காத சார், புடிக்காத, போகட்டும்" என்று அவர் சொல்வது கேட்டது. பரிசலை அவிழ்த்து மீன் போன பக்கமே விட்டார். நாங்கள் அதை இழுக்கவில்லை, அதுதான் எங்களை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைந்தது, திரும்பியது, ஆழத்தில் போய் அசையாமல் நின்றது. கயிறு வீணைத் தந்திபோல் அதிர்ந்தது. நின்ற அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு நினைவில் இருக்கிறது. எதிர்முனையில் ஓர் உயிர் யோசித்துக்கொண்டிருக்கிறது என்பது கைவழியாகத் தெரிந்த ஐந்து நிமிடம்.

கரை ஒதுங்க அரைமணிக்கு மேல் ஆயிற்று. பரிசல்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மீனைத் தாங்கிக்கொண்டார். மேலே தூக்கவில்லை. என்னையும் இறங்கச் சொன்னார். செதில் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல. விளிம்பில் பொன்னிறம், நடுவில் வெண்கலக் கருமை. தடித்த உதடு, இரண்டு ஜோடி மீசை. கெண்டை இனம்தான் இது, எங்கள் ஊர்க் கெண்டைக்குப் பெரியப்பா. வாயில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. நத்தை, நண்டு ஓடுகளை அங்கே வைத்து நொறுக்கும். செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தராசுத் துணியில் வைத்து நிறுத்தோம். ஒன்பது கிலோ.

"பெரிசுதானே?" என்றேன்.

"நல்ல மீன் சார்." துடுப்பை விரலால் விரித்துக் காட்டினார். நீலம் பாய்ந்த சாம்பல். "ஆனா நம்ம மீன் இல்ல. நம்ம மீனுக்கு முதுகுல திமில் இருக்கும். வாலு ஆரஞ்சுக் கலரா இருக்கும். இது வந்த மீன்."

மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் வாய்வழி போய்ச் செவுள்வழி வர வேண்டும். முன்னும் பின்னும் அசைக்காதே, சும்மா பிடி என்றார். பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வலு ஏறுவது தெரிந்தது. பிறகு ஒரே உதறல். என் முகமெல்லாம் தண்ணீர். கைகளுக்கு நடுவே வெறும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிடித்த மீனை விட்ட அன்று எனக்கு இருந்த நிறைவை, பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோன எந்த நாளிலும் நான் அடைந்ததில்லை. ஏன் என்று இப்போதும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

முகாமில் ஒரு நோட்டு இருந்தது. யார், எத்தனை மணி நேரம், என்ன மீன், என்ன எடை. அன்று மாலை என் பெயரும் அதில் ஏறியது. அந்த நோட்டின் மதிப்பு எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

பரிசல்காரர் சொன்ன 'வந்த மீன்' எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை லோனாவாலாவில் இருக்கிறது. அங்கே டாட்டா மின் நிறுவனத்தின் மீன்பண்ணையில் நீலத்துடுப்பு மகாசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றார்கள். அருமையான சாதனை. அந்தக் குஞ்சுகளை நாட்டின் பல ஆறுகளுக்குக் கொடுத்தார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து காவிரியிலும் விட்டார்கள். மகாசீர் குறைகிறது, மகாசீரை விடுவோம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அது கிருஷ்ணை ஆற்றுப் படுகையின் மீன். காவிரிக்கென்று ஒரு மகாசீர் தனியாக இருந்தது, திமில் வைத்தது, உலகில் வேறு எங்கும் இல்லாதது. அதற்கு அப்போது அறிவியலில் ஒரு பெயர்கூட உறுதியாகவில்லை. பெயர் இல்லாததை யார் கணக்கெடுப்பார்கள்?

கணக்கு அந்த நோட்டில் இருந்தது. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் காலிபோரேயின் 1998 முதல் 2012 வரையான பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில். பிடித்து விடப்பட்ட மகாசீர்கள் 6,161. சிறியது அரைக்கிலோவுக்கும் குறைவு, பெரியது 46.8 கிலோ. அந்த 6,161ல் ஒன்று என் கையிலிருந்து உதறிக்கொண்டு போனது. பதிவுகள் சொன்ன செய்தி இதுதான்: நீலத்துடுப்பு வருஷத்துக்கு வருஷம் பெருகுகிறது, திமில் மகாசீர் வருஷத்துக்கு வருஷம் அருகுகிறது. அருகுவதோடு, சிக்குகிற ஒன்றிரண்டும் முன்னைவிடப் பெரிதாக இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதி போலத் தோன்றும். அப்படியல்ல. கிழடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, குஞ்சுகள் தலையெடுக்கவில்லை என்று அர்த்தம். எழுபது வயதுக்காரர்கள் மட்டும் வாழ்கிற ஊரைப்போல.

2018ல்தான் பெயரும் கிடைத்தது. கேரளத்தில் பிறந்து அமராவதியில் சேர்கிற பாம்பாற்றிலிருந்து 2007ல் விவரிக்கப்பட்ட 'டார் ரேமாதேவி' என்ற மீனும் காவிரியின் திமில் மகாசீரும் ஒன்றே என்று அதே ஆய்வாளர்கள் சேர்ந்து நிறுவினார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரேமா தேவியின் பெயர் அது. அதே வருஷம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிவிட்ட உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. புலிக்குக்கூட அந்த நிலை வரவில்லை. புலி பட்டியலில் அதற்கு ஒருபடி முன்னால்தான் நிற்கிறது. நம் பக்கத்தில் நீலகிரியின் அடியில் ஓடுகிற மாயாற்றில் அது இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது.

ஆனால் நோட்டு 2012ல் நின்றுவிட்டது. முகாம் இருந்த சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான் என்று தடை வந்தது. சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முள் குத்தினால் மீனுக்கு நோகும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தத் தடையால் ஆறு இழந்தது அதிகம் என்றே நினைக்கிறேன். ஒரு மீன் உயிரோடு இருந்தால்தான் தன் வீட்டில் அடுப்பெரியும் என்று இருந்த மனிதர்கள் நாளெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தோட்டாச் சத்தம் கேட்டால் ஓடிப்போனார்கள். அவர்களுக்கு அந்தக் காரணம் இல்லாமல் போனபின் காவிரியின் அந்த நீளத்தை யார் அப்படிப் பார்ப்பது?

சில வருஷங்களுக்கு முன் மறுபடி போனேன். காலிபோரே இப்போது இயற்கை முகாம். பரிசல் சவாரி, ரப்பர் படகு, காட்டு நடை. பிள்ளைகள் ஆற்றில் ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் அழகாகவே இருந்தது. பரிசல்காரர் ஓய்ந்து வீட்டோடு இருந்தார். தேடிப்போய்ப் பார்த்தேன். என்னை அவருக்கு நினைவில்லை. ஒன்பது கிலோ, நீலத்துடுப்பு, பாறை இடுக்கில் போய் நின்றது என்றதும் நினைவு வந்துவிட்டது. ஆளை மறந்துவிட்டார், மீனை மறக்கவில்லை. மேகேதாட்டில் கட்டப்போவதாகச் சொல்லும் அணையைப் பற்றிப் பேச்சு வந்தது. 67 டிஎம்சி என்று நம் பத்திரிகைகளில் நாம் படிப்பது தண்ணீர்ப் பங்கின் சண்டையாக. அவருக்கு அது வேறு கணக்கு. "அணை வந்தா ஓடற தண்ணி நின்ன தண்ணி ஆயிடும் சார். நம்ம மீனு ஓடற தண்ணி மீனு" என்றார்.

ஊர் திரும்பிய வாரம் நாகலாபுரத்துக்குப் போனேன். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பா பெயரில் உண்டாக்கிய ஊர். அங்கே வேதநாராயணப் பெருமாள் இடுப்புக்கு மேலே தெய்வம், கீழே மீன். வேதங்களைத் திருடிக் கடலுக்குள் ஒளிந்த சோமகாசுரனைத் தேடிப்போன மச்ச அவதாரம். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் கோபுர வாசல்வழி நுழைந்து, முதல் நாள் பாதத்திலும் இரண்டாம் நாள் நாபியிலும் மூன்றாம் நாள் சிரசிலும் விழும். சின்ன வயதில் எத்தனையோ தடவை கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாதம் என்று சொல்லும் இடத்தில் பாதம் இல்லை, மீனின் உடல் இருக்கிறது என்பது இந்தத் தடவைதான் மனதில் தைத்தது. முதலில் வெயில் படுவது மீன்மேல்.

மறுநாள் சித்தப்பாவோடு கிருஷ்ணாபுரம் போனேன். எண்பதைத் தொட்டுவிட்டார். இப்போது சைக்கிள் இல்லை, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கழி மட்டும் அதே மூங்கில். நீர்த்தேக்கம் நிறைந்திருந்தது. இங்கே திறந்துவிட்டால் பள்ளிப்பட்டு தாண்டிக் கொசஸ்தலை ஆற்றில் ஓடிப் பூண்டிக்குப் போகும், சென்னைக்காரர்கள் குடிப்பார்கள். கரையில் உட்கார்ந்து காவிரிக் கதை முழுவதும் சொன்னேன்.

"சங்கடியா? மீனுக்கா?" என்றார் முதலில். அவருக்கு அது பெரிய மதிப்பாகப் பட்டது. பிறகு வெகுநேரம் பேசவில்லை. தக்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விடறதுக்குன்னா எதுக்கு நைனா புடிச்ச?"

நான் நோட்டைச் சொன்னேன். 6,161ஐச் சொன்னேன். திமில் மீனுக்குக் குஞ்சு இல்லாமல் போனதைச் சொன்னேன்.

"குஞ்சு இல்லியா?" என்று திரும்பிப் பார்த்தார். அது ஒன்றுதான் அவர் காதில் முழுசாக விழுந்தது என்று நினைக்கிறேன்.

வெயில் சாய்ந்தது. இரண்டு ஜிலேபி கிடைத்திருந்தன. எங்களுக்கு இடப்பக்கம், தண்ணீரில் பாதி மூழ்கிய புல்லுக்குள், சிவப்பாக ஒரு கொத்து மேலே வந்தது. ஒருமுறை கலைந்தது, மறுபடி கூடியது. சித்தப்பாவின் பார்வை போதாது, எனக்குத்தான் முதலில் தெரிந்தது. சொன்னேன். எங்கே எங்கே என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தங்கூஸைக் கழியில் சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தி, என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெதுவாக, சத்தமில்லாமல், நாங்கள் கரையோரமாக அந்தப் பக்கம் நடந்தோம்.